வரி போக மீதி எவ்வளவு?

2019 ஆகஸ்ட் 24 இரவு இண்டியானாபொலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் மைதானத்தில், பருவம் தொடங்குவதற்கு முன் பயிற்சிக்காக ஆடப்படும் ஆட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. எதிரணி சிகாகோ பேர்ஸ். கோல்ட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் அன்று ஆடவில்லை. எல்லைக்கோட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெறப் போகிறார் என்ற செய்தி, அவரே அறிவிப்பதற்கு முன் பார்வையாளர்களின் கைபேசிகளை எட்டிவிட்டது. ஆட்டம் முடிந்து அவர் களத்தைவிட்டு நடந்தபோது கூட்டத்தில் ஒரு பகுதி ஊளையிட்டது. அவருக்கு முப்பது வயது நிறைய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஊளையிட்டவர்கள் ஆத்திரத்தில் செய்தார்கள். அதை ஓரளவு மன்னிக்கலாம். மறுநாள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை. அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவர் முன்கூட்டியே ஓய்வுபெறும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கு தவறாமல் வெளிவருகிறது. மொத்த வருமானம் இவ்வளவு, வரி இவ்வளவு, முகவர் கட்டணம் இவ்வளவு, மீதி இவ்வளவு. அந்த மீதியைப் பார்த்து ஒரு சாரார், இது வாழ்நாளுக்குப் போதும், போகட்டும் என்று அனுமதி வழங்குகிறார்கள். மறுசாரார், பாதியை அரசு எடுத்துக்கொண்டபின் இது என்ன பெரிய தொகை, இன்னும் நான்கு ஆண்டு ஆடியிருக்க வேண்டாமா என்று கடிந்துகொள்கிறார்கள். இரு சாராரும் பகைவர்கள் போலத் தோன்றினாலும் ஒரே நம்பிக்கையைப் பகிர்கிறார்கள்: ஒரு மனிதன் தன் உடலை வேலையிலிருந்து மீட்டுக்கொள்ளலாமா என்பதை அவனுடைய வங்கி இருப்பு தீர்மானிக்கும்.

அந்தக் கணக்கையே முதலில் போட்டுப் பார்க்கலாம். 2012இல் முதல் தேர்வாக அணிக்கு வந்தபோது லக் பெற்ற ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2.2 கோடி டாலர். 2016இல் அது நீட்டிக்கப்பட்டபோது தலைப்புச் செய்தி 14 கோடி என்றது, அதில் 8.7 கோடி மட்டுமே உறுதியளிக்கப்பட்ட தொகை என்பது செய்தியின் உள்ளே இருந்தது. ஓய்வின்போது அவர் ஈட்டியிருந்தது சுமார் 9.7 கோடி. இந்த உயரத்தில் கூட்டாட்சி வருமான வரியின் உச்ச விகிதம் 2013 முதல் 2017 வரை 39.6 சதவீதம், அதன்பின் 37. மெடிகேர் பிடித்தம் இரண்டு சதவீதத்துக்கு மேல். இண்டியானா மாநில வரியும் உள்ளூர் வரியும் சேர்ந்து ஐந்து சதவீதத்தை ஒட்டி. முகவருக்கு, வீரர் சங்க விதிப்படி, அதிகபட்சம் மூன்று. எப்படிக் கழித்தாலும் கையில் நிற்பது 5 கோடி டாலருக்குச் சற்று மேல் என்றுதான் வரும்.

இதில் இன்னொரு சுவையான உட்பிரிவும் உண்டு. வெளியூர் வீரர்கள் எந்த மாநிலத்தில் எத்தனை நாள் பணியாற்றினார்களோ அந்த விகிதத்தில் அந்த மாநிலமும் வரி கேட்கும். 1991இல் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணி லாஸ் ஏஞ்சலிஸில் கோப்பை வென்று திரும்பியபின் கலிஃபோர்னியா அதன் வீரர்களுக்குக் கேட்போலை அனுப்ப, இல்லினாய் பதிலடியாகத் தானும் ஒரு சட்டம் இயற்றியது. பிறகு மாநிலங்கள் வரிசையாகப் பின்பற்றின. கோல்ட்ஸ் அணிக்கு ஒரு நற்பேறு: ஆண்டுதோறும் அது கட்டாயமாகச் செல்ல வேண்டிய ஹூஸ்டன், ஜாக்சன்வில், நாஷ்வில் மூன்றும் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லாத இடங்கள். விளையாட்டுப் பக்கங்கள் இந்த நுணுக்கங்களை விரும்பி எழுதும். எத்தனை டாலர் எங்கே போனது என்று அவற்றால் துல்லியமாகச் சொல்ல முடியும். போன விலா எலும்பின் குருத்தெலும்புக்கு மட்டும் அந்த அட்டவணையில் இடமில்லை.

லக் வெளிப்படையாகப் பேசிய காயங்களின் பட்டியல் இது: விலாவில் கிழிந்த குருத்தெலும்பு, வயிற்றுத் தசையில் கிழிசல், 2015இல் சிறுநீரகத்தில் ஏற்பட்ட கீறலால் சிறுநீரில் இரத்தம், குறைந்தது ஒரு மூளை அதிர்ச்சி, வலத் தோள்மூட்டில் அறுவை. தோள் காரணமாக 2017 பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. 2018இல் திரும்பி வந்து 39 டச்டவுன் வீசி, மீண்டு வந்த சிறந்த வீரருக்கான விருதைப் பெற்றார். அடுத்த ஆண்டே கெண்டைக்காலிலும் கணுக்காலிலும் வலி. காயம், வலி, மீட்சிப் பயிற்சி, மறுபடி காயம் என்ற சுழலில் நான்கு ஆண்டாகச் சிக்கியிருப்பதாகவும், அது விளையாட்டின் மகிழ்ச்சியைத் தன்னிடமிருந்து பறித்துவிட்டதாகவும் கலங்கிய குரலில் அவர் கூறினார். இதைக் கேட்டபின்தான் கணக்கர்கள் பேனாவை எடுத்தார்கள்.

கணக்கின் வினைச்சொற்களையும் கவனிக்க வேண்டும். லக் 45 கோடி டாலர் வரை விட்டுவிட்டுப் போகிறார் என்றார் அணியின் உரிமையாளர் ஜிம் இர்சே. ஊடகங்கள் அதைப் பற்றிக்கொண்டன. 'விடுதல்', 'இழத்தல்' ஆகிய வினைகள், விடப்படும் பொருள் ஏற்கெனவே கையில் இருந்தது என்ற முற்கோளைச் சுமந்தே வருபவை. நடப்பு ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்தது 6 கோடிக்கும் குறைவு. மிச்சம் முழுவதும், எவரும் எழுதாத, எவரும் கையொப்பமிடாத எதிர்கால ஒப்பந்தங்களின் கற்பனைத் தொகை. அந்தக் கற்பனையை ஈட்டத் தேவையான பத்தாண்டு உடல் மட்டும் கற்பனை அல்ல. இன்னொரு வினை: ஊக்கத்தொகையில் திருப்பிக் கேட்டிருக்கக்கூடிய 2.48 கோடி டாலரை வைத்துக்கொள்ள அணி அவரை 'அனுமதித்தது'. பெற்ற கூலியை வைத்திருப்பது அனுமதியாகும்போது, கொடுத்தவர் வள்ளலாகிவிடுகிறார்.

இந்த அனுமதி கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் பாரி சாண்டர்ஸ் 1999இல், ஓட்டச் சாதனையின் விளிம்பில் நின்றபோது 31 வயதில் விலகினார். அணி ஊக்கத்தொகையின் பகுதியைத் திருப்பிக் கேட்டு நடுவர் முன் சென்றது. அதே அணியில் கால்வின் ஜான்சன் 2016இல் விலகியபோது பத்து லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அந்தக் கசப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் கிறிஸ் போர்லண்ட் கதை இன்னும் தெளிவானது. ஒரே ஒரு பருவம் ஆடியபின், தலையில் தொடர்ந்து விழும் அடிகள் மூளைக்கு என்ன செய்யும் என்று படித்துப் பார்த்து, 2015 மார்ச்சில் 24 வயதில் நிறுத்திக்கொண்டார். அவருடைய ஊக்கத்தொகை 6,17,436 டாலர். நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் ஓராண்டே ஆடியதால் அதில் முக்கால் பங்கை அவர் திருப்பித் தர வேண்டியதாயிற்று. பொதுவாக இவ்வாறு திருப்பிக் கேட்கப்படுவது ஒப்பந்தத்தில் எழுதிய மொத்தத் தொகை, பிடித்தம் போகக் கையில் வந்தது அல்ல. முந்தைய ஆண்டு கட்டிய வரியை மீட்பது வீரரின் பாடு. வரி போக மீதியைப் பற்றி அவ்வளவு அக்கறை கொள்பவர்கள் இந்த இடத்தில் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

வீரர் நின்றால் பணத்தைத் திருப்ப வேண்டும். அணி அவரை நிறுத்தினால்? என்.எஃப்.எல். ஒப்பந்தங்களில் உறுதியளிக்கப்படாத ஆண்டுகளின் சம்பளம், அணி அவரை விடுவித்த கணமே மறைந்துவிடும். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் வீரரை ஐந்தாண்டுக்குக் கட்டுகிறது, அணியை இரண்டாண்டுக்குக் கட்டுகிறது. இந்தச் சமனின்மையோடு ஒப்பிட்டால் வருமான வரி ஒரு நேர்மையான கழிவு. விகிதம் முன்கூட்டியே தெரியும், எல்லாருக்கும் பொது, பாராளுமன்றத்தில் விவாதித்து இயற்றியது.

வரியைத் திருட்டாகச் சித்தரிப்போர் லூகாஸ் ஆயில் மைதானத்தின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம். 2008இல் திறக்கப்பட்ட அதன் செலவு 72 கோடி டாலர். கோல்ட்ஸ் அணி தந்தது 10 கோடி. மற்றதெல்லாம் பொதுப்பணம், இண்டியானாபொலிஸிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் உணவகத்தில் உண்டவர், விடுதியில் தங்கியவர், வாடகைக் கார் எடுத்தவர் செலுத்திய வரிகளே அதன் பெரும்பகுதி. அன்றிரவு ஊளையிட்டவரும் ஒவ்வொரு முறை வெளியே சாப்பிட்டபோதும் அந்தக் கூரைக்குப் பணம் கட்டியவர்தான். அவருடைய ஏமாற்றத்துக்கு நியாயமான விலாசம் ஒன்று இருந்தது. அது 29 வயது வீரரின் முதுகு அல்ல.

எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது தேய்மானம். அணியொன்றை விலைக்கு வாங்குபவர், அந்த விலையின் பெரும்பகுதியை, வீரர்களின் ஒப்பந்தங்கள் உட்பட, 15 ஆண்டுகளில் பகுதி பகுதியாகத் தன் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. இந்தச் சிந்தனையைத் தொடங்கிவைத்தவர் பில் வீக் என்ற பேஸ்பால் அணி உரிமையாளர். தொழிற்சாலை இயந்திரம் தேய்வதுபோல வீரரும் தேய்கிறார், ஆகவே கழிவு வேண்டும் என்பது அவர் வாதம், வரித்துறை ஏற்றுக்கொண்டது. வீரரின் உடல் தேய்கிறது என்பதைச் சட்டம் அறியாமலில்லை. அந்தத் தேய்மானம் உரிமையாளருடையது என்று அது எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவே. உடலுக்குச் சொந்தக்காரர் தன் முழங்காலைத் தேய்மானக் கணக்கில் காட்ட முடியாது. 2017 வரிச் சட்டத் திருத்தத்துக்குப் பின், சம்பளம் பெறும் வீரர் முகவர் கட்டணத்தையும் சங்கச் சந்தாவையும்கூடக் கழிக்க முடியாமற்போனது.

ஐந்து கோடி டாலர் வைத்திருப்பவருக்காக ஏன் இத்தனை பரிவு என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்வி. லக் கட்டடக்கலை படித்தவர், ஸ்டான்ஃபோர்ட் பட்டதாரி. பின்னாளில் அங்கேயே திரும்பி மேற்படிப்பு முடித்து, 2024இல் அப்பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் பொது மேலாளரானார். அவருக்கு எவர் பரிவும் தேவையில்லை. ஆனால் அவரை வைத்து நிறுவப்படும் விதி அவரோடு நிற்பதில்லை. போதுமான பணம் சேர்த்தவனுக்கே நிறுத்தும் உரிமை என்றால், சேர்க்காதவன் அடிபட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் மறுபக்கம். 2019இல் முதலாண்டு வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் 4,95,000 டாலர். பயிற்சிக் குழுவில் இருப்பவருக்கு வாரம் 8,000, அதுவும் வாராவாரம் நிச்சயமில்லாதது. சராசரி ஆட்டவாழ்வு 3.3 ஆண்டு என்று வீரர் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. தொடக்க அணியில் இடம்பெற்றவர்களை மட்டும் எண்ணி ஆறாண்டு என்கிறது லீக். எந்த எண்ணை ஏற்றாலும், ஓய்வூதியத்துக்கு வேண்டிய மூன்று பருவங்களை எட்டாமலே வெளியேறுவோர் ஏராளம். இவர்களுள் எவர் ஓய்வையும் செய்தி அறிவிப்பதில்லை. வேறு அணி அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

இவர்களைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது ஊதாரிக் கதை. ஓய்வுபெற்ற இரண்டே ஆண்டில் 78 சதவீதத்தினர் திவாலாகிறார்கள் அல்லது பண நெருக்கடியில் சிக்குகிறார்கள் என்று 2009இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் எழுதியது. அந்த 'அல்லது' மேற்கோள்களில் உதிர்ந்துபோய் எல்லாரும் திவால் என்றாயிற்று. 2015இல் பொருளாதார ஆய்வாளர்கள் நீதிமன்றப் பதிவுகளை எண்ணிப் பார்த்தபோது, பன்னிரண்டு ஆண்டுக்குள் திவால் மனு கொடுத்தவர்கள் ஏறத்தாழ 16 சதவீதம். அதே ஆய்வு, மொத்தம் எவ்வளவு ஈட்டினார், எத்தனை ஆண்டு ஆடினார் என்பவை அந்த ஆபத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை என்றும் கண்டது. லக் இன்னும் நான்கு ஆண்டு ஆடியிருக்க வேண்டும் என்று மறுநாள் காலையில் கணக்குப் போட்டவர்களுக்கு, அது நான்கு ஆண்டு முன்னரே கிடைத்திருந்த தரவு.