பாம்பு பிடிப்போரும் பாராட்டுப் பெறுவோரும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலுள்ள ஒரு தேநீர்க் கடையில் சென்ற ஞாயிறன்று அமர்ந்திருந்தோம். அடுத்த மேசையில் நம்மவர் ஒருவர், நாலெழுத்துப் படித்தவர், தம் மகனுக்குக் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டிக் கொண்டிருந்தார். ஆஸ்திரேலியர் ராபர்ட் இர்வின் ஒரு பெரும் முதலைக்கு இரையூட்டும் காட்சி அது. “பார்த்தாயா ஐயா, அப்பனுக்கேற்ற பிள்ளை! வீரமென்றால் இதுதான்” என்று அவர் பூரித்தார். நாமும் பேச்சிற் கலந்து, 2023 ஆம் ஆண்டில் செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் இருவர், மாசி சடையன், வடிவேல் கோபால் என்போர், பாம்பு பிடிக்கும் திறமைக்காக இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றதைச் சொன்னோம். அவர் முகத்தைச் சுளித்து, “அவர்கள் பாம்பு பிடிக்கிற சாதிதானே சார்? வயிற்றுப் பிழைப்புக்குச் செய்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றாகுமா?” என்றார்.

ஒன்றாகுமா என்பதே கேள்வி. கடையில் விடை கூற நமக்கு நாவெழவில்லை. ஏனெனில் அவர் வாயிலிருந்து வந்தது நமது பழைய எண்ணமே. ஆகவே இங்கு எழுதுகிறோம்.

முதலில் நமது குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுவோம். நாம் தோட்டத்து லயத்திற் பிறந்தவர். பெற்றோர் கடன்பட்டு நம்மை நகரத்து ஆங்கில வழிப் பள்ளி ஒன்றிற் சேர்த்தனர். அக்காலத்தில் தோட்டத்தில் கட்டணத் தொலைக்காட்சியின் தட்டு இருந்தது கிராணியார் வீட்டுக் கூரையில் மட்டுமே. மாலை தோறும் அவ்வீட்டுக் கூடத்தின் ஓரத்தில் குந்தியிருந்து ஸ்டீவ் இர்வினைக் கண்டோம். காக்கி அரைக்காற்சட்டை, மஞ்சள் முடி, ஓயாத உற்சாகம்! அவருடைய மனைவி டெரி, மகள் பிண்டி, பின்னர் பிறந்த மகன் ராபர்ட், அவருக்கு முன் 1970 இல் குயின்ஸ்லாந்திலுள்ள பீர்வாவில் ஊர்வன காட்சிச்சாலை தொடங்கிய தந்தை பாப் ஆகிய அனைவரையும் நமது உற்றாரென்றே எண்ணினோம். நமது பாட்டனார் எக்கப்பலில் எவ்வாண்டு வந்தார் என்பது நமக்குத் தெரியாது. அந்த வெள்ளைக் குடும்பத்தின் வரலாறோ தலைகீழ்ப் பாடம்.

அந்நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்த ஒரு மாலை, கிராணியார் வீட்டுச் சமையற்கட்டில் ஒரு நல்ல பாம்பு புகுந்துவிட்டது. பெண்கள் அலறினர். லயத்திலிருந்து ஒரு கிழவரை அழைத்து வந்தனர். அவர் ஒரு கோலும் ஓர் உரச்சாக்கும் கொண்டு வந்தார். ஐந்து நிமிடத்தில் பாம்பைச் சாக்கினுள் விட்டு வாயைக் கட்டினார். அவருக்குப் புறத்திண்ணையில், அவருக்கென்றே ஒதுக்கியிருந்த பழைய குவளையில் தேநீர் வார்த்தார்கள். குடித்துவிட்டுக் குவளையைத் தாமே கழுவிக் கவிழ்த்து வைத்தார். பாம்பை ஆற்றோரம் கொண்டுபோய் விட்டார். உள்ளே இருந்தோர் அனைவரும் மீண்டும் தொலைக்காட்சியில், வெள்ளையர் ஒருவர் பாம்பு பிடிக்கும் அற்புதத்தை வாய்பிளந்து பார்க்கத் தொடங்கினோம்! கிராணியாரின் மகள் நம்மைப் பார்த்து, “அந்தத் தாத்தா உனக்கு உறவா?” என்று கேட்டாள். “இல்லை” என்றோம்.

அவர் நம் அன்னையின் சிற்றப்பன்.

அதற்குப் பின் பள்ளியில் ‘நான் போற்றும் மனிதர்’ என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னபோது நாம் யாரைப்பற்றி எழுதியிருப்போம் என்று வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இனி, தேநீர்க்கடை அன்பரின் நியாயங்களை ஒவ்வொன்றாய் ஆராய்வோம். ஸ்டீவ் இர்வினைக் குறை கூறுவதன்று நமது நோக்கம். மக்கள் சுட்டுக்கொல்ல விரும்பிய முதலைகளை உயிரோடு பிடித்து வேறிடம் சேர்த்தவர். உலகம் வெறுத்த உயிர்களிடம் உலகத்துக்கு அன்பு பிறக்கச் செய்தவர். 2006 செப்டம்பர் 4 ஆம் நாள், பாட் பவளத்திட்டருகே திருக்கையின் முள் மார்பிற் பாய்ந்து, 44 வயதில் அவர் மாண்டபோது நாமும் அழுதோம். எட்டு வயதுச் சிறுமி பிண்டி நினைவுக்கூட்டத்தில் பேசியபோது மறுபடியும் அழுதோம். அக்கண்ணீருக்கு நாம் வெட்கப்படவில்லை. எவர்க்காக அழாதிருந்தோமோ, அதற்கே வெட்கப்படுகிறோம்.

“வயிற்றுப் பிழைப்புக்குச் செய்கிறார்கள்” என்பது முதல் நியாயம். நன்று! தொலைக்காட்சியில் தோன்றியவர் ஊதியம் இன்றியா தோன்றினார்? காட்சிச்சாலைக்கு நுழைவுச்சீட்டு இல்லையா? உழைப்புக்குக் கூலி பெறுவது இழிவானால் உலகில் இழிவற்றவர் எவர்? தோட்டக் கணக்கெழுதும் நாம் என்ன, தருமத்துக்கா எழுதுகிறோம்? வெள்ளையர் பெற்றால் வருமானம், இருளர் பெற்றால் வயிற்றுப் பிழைப்பு என்பது எவ்வூர் இலக்கணம்?

இருளர் செய்யும் வேலை யாதென்று அன்பர் அறிவாரா? முன்னர் அவர்கள் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தனர். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையும் அதன்பின் வந்த தடைகளையும் தொடர்ந்து அவ்வியாபாரம் நின்றது, அடுப்பும் நின்றது. 1978 இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கையும் உரிமம் பெற்றுப் பிடித்து வந்து, மட்பானைகளில் சில வாரம் வைத்து, வாரத்துக்கொரு முறையாக நஞ்செடுத்து, வயிற்றுச் செதிளில் அடையாளமிட்டு, மீண்டும் காட்டிலே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதிநீரிலிருந்து முறிவு மருந்து செய்கிறார்கள். இந்திய மருந்துச் சாலைகளுக்கு வேண்டிய நஞ்சிற் பெரும்பகுதி இச்சங்கத்திலிருந்தே சென்றிருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பீடு. மாண்டோரிற் பெரும்பாலோர் நாட்டுப்புறத்தார். இம்மருந்து இல்லையேல் அவ்வெண் என்னவாகியிருக்கும்? கடிபட்டுப் பிழைத்த உழவன் ஒவ்வொருவன் உடம்பிலும் ஓர் இருளரின் கைவண்ணம் இருக்கக்கூடும். பிழைத்தவன் அவரைத் தன் வீட்டுத் திண்ணையில் ஏற்றுவானா?

“அது பரம்பரைப் பழக்கம், அறிவன்று” என்பது அடுத்த நியாயம். இதற்கு அமெரிக்காவே விடை கூறட்டும். புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி மற்ற உயிர்களை விழுங்கி வருகின்றன. 2016 இல் அங்கு ஒரு போட்டி வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் ஒரு மாதம் தேடி, 106 பாம்புகளைப் பிடித்தனர். 2017 இன் தொடக்கத்தில், மேற்சொன்ன சடையனும் கோபாலும் மொழிபெயர்ப்பாளரோடு அங்கு அழைத்துச் செல்லப்பட்டனர். முதல் எட்டு நாளில் அவர்கள் பிடிக்க உதவிய பாம்புகள் 13. புல்லின் சாய்வையும் மண்ணின் தடத்தையும் எழுத்துப்போற் படிப்பது அறிவன்று என்றால், அச்சடித்த தாளைப் படிப்பது மட்டும் எப்படி அறிவாகும்?

சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976 இல் முதலைப் பண்ணை தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரை நம்மவர் சிலர் அறிவர். அமெரிக்காவிற் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவர். இருளரிடம் கற்றதை மறைக்காதவர். அவர்தம் கூட்டுறவுக்கு உற்ற துணையாய் நின்றவர். அவர்க்குப் பத்மஸ்ரீ வந்த ஆண்டு 2018. அவருக்குக் கற்பித்த மரபினருக்கு வந்தது 2023. மாணவர்க்குப் பின் ஐந்தாண்டு கழித்து ஆசிரியர்! இதில் விட்டேக்கர் மீது பிழையில்லை. மாணவரை மட்டும் கண்டு ஆசிரியரைக் காணாத நமது கண்ணிலே பிழை.

இன்னொன்று கேட்போம். 2004 ஜனவரியில் ஸ்டீவ் இர்வின் ஒரு மாதக் குழந்தையான ராபர்ட்டை ஒரு கையிலேந்திக்கொண்டு மறு கையால் முதலைக்கு இரை நீட்டினார். கண்டனம் எழுந்தது, ஆயினும் அன்பர்கள், “அவர் கைதேர்ந்தவர், அவர்க்குத் தெரியும்” என்று மன்னித்தனர். நாமும் மன்னித்தோம். ஓர் இருளத் தாய் தன் மகவை இடுப்பில் வைத்துக்கொண்டு வயலில் வளை தோண்டினால் நாம் என்ன சொல்லுவோம்? “காட்டுமிராண்டிகள், பிள்ளையை வளர்க்கத் தெரியாதவர்கள்” என்போம். ஒரே செயல், ஒருவர்க்குத் துணிவு, மற்றவர்க்கு அறியாமை!

குடும்பத்தைப் பற்றிய பேச்சிலும் இதே வஞ்சகம். இர்வினின் மக்கள் தந்தையின் பணியை ஏற்றால் ‘தகுந்த வாரிசு’ என்கிறோம். இருளரின் மக்கள் ஏற்றால் ‘குலத்தொழில்’ என்கிறோம். “அப்படியானால் நீர் குலத்தொழிலை ஆதரிக்கிறீரா?” என்று சிலர் நம்மை மடக்க நினைப்பர். ஒருபோதும் இல்லை! பிண்டியும் ராபர்ட்டும் விரும்பினால் வழக்கறிஞராகலாம், மருத்துவராகலாம். வேண்டாமென்று விடும் உரிமை அவர்கட்கு உண்டு. இருளச் சிறுவனுக்கு அவ்வுரிமை எங்கே? சாதிச் சான்றிதழ் ஒன்று பெறுவதற்கே அவன் தந்தை அலுவலகம் அலுவலகமாய் அலைகிறான். அரிசி ஆலையிலும் செங்கற் சூளையிலும் கொத்தடிமையாய்க் கிடந்து மீட்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை! ஆகவே நாம் கேட்பவை இரண்டு. பாம்பு பிடிக்கிறவனுக்கு மரியாதை வேண்டும். அவன் மகனுக்குப் பாம்பு பிடிக்காதிருக்கும் உரிமையும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை மறுப்பது மோசடியேயாகும்.

இத்தகைய பேச்சை நாம் இச்சாலையிலா கேட்க வேண்டும்? இச்சாலையின் பள்ளிவாசல், 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகக் கரையிலிருந்து கடல் கடந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. அவர்தம் தலைவர் காதர் முகைதீனுக்கு இருந்த பட்டமே கப்பித்தான் கெலிங். அன்று ‘கெலிங்’ என்னும் சொல் ஒரு மக்கட்கூட்டத்தின் பெயர். இன்று அதே சொல்லை ஒருவன் நம் முகத்துக்கு நேரே வீசினால் நம் இரத்தம் கொதிக்கிறது. கொதிக்கட்டும், நியாயமே. ஆனால் பெயரே வசையாக மாறும் வேதனையை அறிந்த நாம், ‘பாம்பு பிடிக்கிற சாதி’ என்று பிறரை வசைபாட எவ்வாறு மனந்துணிகிறோம்? மேலிருந்து விழும் அடியை அநீதி என்றும், நாம் கீழே கொடுக்கும் அடியை வழக்கம் என்றும் கூறுவோமானால், நமக்கு நியாயம் கேட்கும் யோக்கியதை உண்டா?

இன்று நாமே ஒரு தோட்டத்துக் கிராணி. எண்ணெய்ப் பனைக்கு எலி வருகிறது. எலிக்குப் பாம்பு வருகிறது. குலை வெட்டும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் அவற்றின் நடுவே நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் சென்ற ஆண்டு நம் அலுவலகத்தினுள் வந்த பாம்பைப் பிடித்து வெளியே விட்டார். நம்மவர் சிலர் அவருக்கும் ஒரு பட்டம் சூட்டிச் சிரித்தனர். பழைய குவளைதான்; ஏந்தும் கை மட்டும் மாறியிருக்கிறது. அவரை உள்ளே அழைத்து, நாம் குடிக்கும் குவளையிலேயே தேநீர் கொடுத்தோம். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. முப்பது வயது கடந்த ஒருவன் செய்யத்தக்க மிகச்சிறு காரியம் அது. அதற்கே நமக்கு இத்தனை காலம் பிடித்தது.

தோழர்களே! உங்கள் பிள்ளைகள் இர்வின் குடும்பத்தைப் போற்றட்டும், தடுக்காதீர்கள். அதே மேசையில், அதே மூச்சில், சடையன், கோபால் என்னும் பெயர்களையும் சொல்லிக் கொடுங்கள். படிப்பகங்களில் அவர்கள் படத்தையும் மாட்டுங்கள். உங்கள் ஊரில் பாம்பு பிடிக்கிறவரைக் கூடத்தில் அமர்த்துங்கள்.

கிராணியார் வீட்டுத் திண்ணையில் குவளை கழுவிய பெரியவர் மறைந்து பல ஆண்டாயிற்று. அவர் பெயரை இங்கு அச்சிட்டு நாம் புண்ணியம் தேடப் போவதில்லை. நமது மகள் சென்ற வாரம், பாம்பு பிடிப்போர் நம் குடும்பத்தில் யாரேனும் உண்டா என்று கேட்டாள். “உண்டு” என்றோம், பெயரையும் சொன்னோம்.