பூச்சியை நசுக்கச் சொல்லும் கோச்சுகளுக்கு

சாஃப்ட்பால் என்றதும் மெத்தென்று ஏதோ ஒரு பந்து என்று நினைக்கிறீர்களா? பட்டால் தெரியும் :-) சுற்றளவு 12 அங்குலம், எடை கிட்டத்தட்ட 190 கிராம். கிரிக்கெட் பந்தை விடப் பெரிது, கனமும் அதிகம். பெண்கள் ஆட்டத்தில் 43 அடி தூரத்தில் நின்று, கையைச் சக்கரமாகச் சுழற்றி, இடுப்பருகே இருந்து வீசுவார்கள். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் மணிக்கு 65 மைல் வேகம் சாதாரணம். வீசுபவர் முன்னால் பாய்ந்து வீசுவதால் மிஞ்சுவது சுமார் 37 அடி. வகுத்துப் பாருங்கள், 0.4 விநாடி கூட முழுதாக வராது. அதற்குள் பந்தைப் பார்த்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்து, மட்டையைச் சுழற்றியும் ஆக வேண்டும்.

இந்த 0.4 விநாடிக்குள் ஒரு பெண்ணின் தலைக்குள் கோச் எதையெல்லாம் திணிக்கிறார் தெரியுமா? "பின் முழங்கையைத் தூக்கு", "பின்காலால் பூச்சியை நசுக்கு", "மேலிருந்து கீழே வெட்டு", "மணிக்கட்டைப் புரட்டு", "கடைசி வரை பந்தைப் பார்". அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வாசகங்கள் இவை. பெரும்பாலும் பேஸ்பாலில் இருந்து சாஃப்ட்பாலுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வரப்பட்டவை.

என் கட்சி இதுதான். பயிற்சி வாசகம் என்பது மருந்து. யாருக்கு, எந்தக் கோளாறுக்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்காமல் வரிசையில் நிற்கும் பதினைந்து பேருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பவரை டாக்டர் என்று சொல்வோமா? மைதானத்தில் மட்டும் ஏன் கோச் என்று சொல்கிறோம்?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூச்சியை நசுக்குவது: பின்கால் நுனியைத் தரையில் ஊன்றித் திருகினால் இடுப்பு திரும்பும் என்பது இதன் எண்ணம். ஆனால் நல்ல ஆட்டக்காரர்களின் ஸ்லோமோஷன் படங்களைப் பாருங்கள். மட்டை பந்தைத் தொடும் நேரத்தில் பலருடைய பின்கால் விரல்நுனியில் லேசாக நிற்கிறது, சிலருக்குத் தரையை விட்டே எழும்பிவிடுகிறது. எடை முன்காலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். பேஸ்பால் வீரர்களை வைத்து 1995இல் வெளியான ஓர் ஆய்வு, முன்கால் தரையை அழுத்தும் விசை உடல் எடையையே தாண்டுவதை அளந்து காட்டியது. காலில் எடை இருந்தால்தானே பூச்சி நசுங்கும்? நசுக்கிக்கொண்டே இருக்கும் பெண், எடையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு வெறும் கையால் அடிக்கிறாள்.

மேலிருந்து கீழே வெட்டுவது: 1941இல் 0.406 சராசரி எடுத்த டெட் வில்லியம்ஸ், 1970இல் வெளியான 'தி சயின்ஸ் ஆஃப் ஹிட்டிங்' புத்தகத்திலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். பந்து இறங்கி வருகிறது, ஆகவே மட்டை லேசாக ஏறிப் போக வேண்டும் என்றார். "அது பேஸ்பால், அங்கே மேடு இருக்கிறது, இங்கே சமதரை" என்று சொல்வார்கள். நியாயமான கேள்விதான், கணக்குப் போடலாம். இரண்டடி உயரத்தில் கையை விடும் பந்து இரண்டரை அடி உயரத்தில் வந்து சேர்வதாக வையுங்கள். புவியீர்ப்பு இருப்பதால் முதலில் ஏறி, பிறகு இறங்கும். சுழற்சியை விட்டுவிட்டால், வந்து சேரும்போது சுமார் 3 டிகிரி கீழ்நோக்கி இருக்கிறது. டிராப் பந்தானால் இன்னும் சரிவு, ரைஸ் பந்தானால் கிட்டத்தட்ட மட்டம். ஆக இங்கும் மட்டை லேசாகத்தான் ஏற வேண்டும். "வெட்டு" என்பதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

மணிக்கட்டைப் புரட்டுவது: பந்தும் மட்டையும் ஒட்டியிருப்பது ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. அந்த நேரத்தில் கை செய்வது எதுவும் பந்துக்குப் போய்ச் சேராது. புரட்ட நினைப்பவர் முன்கூட்டியே புரட்டுகிறார், பந்து தரையில் உருள்கிறது.

கடைசி வரை பந்தைப் பார்ப்பது: இது மனிதக் கண்ணால் முடியாத காரியம். பாஹில், லாரிட்ஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் சோதித்த தொழில்முறை ஆட்டக்காரரின் பார்வையே ஹோம் பிளேட்டுக்கு ஐந்தரை அடி முன்பு பந்தைத் தவற விட்டது.

"அப்படியானால் எல்லாம் பொய், தூக்கிப் போடு" என்கிறீர்களா? அங்கேதான் ஸ்லோமோஷன் பண்டிதர்களோடும் எனக்குச் சண்டை. கடைசி வரை பார்க்க முயல்பவளின் தலை ஆடாமல் இருக்கும், அது லாபம். தோளைக் கீழே போட்டு வானத்தை நோக்கிச் சுழற்றுகிறவளிடம் "கீழே வெட்டு" என்றால் மட்டை சரியான பாதைக்கு வரலாம். பொய்யான வாசகம் பலன் தருவதுண்டு. அதே போல, "இடுப்பு முதலில், பிறகு தோள், பிறகு கை" என்ற நூற்றுக்கு நூறு உண்மையைச் சொன்னதால் மரக்கட்டையாக நின்றுவிட்டவர்களும் உண்டு. ஒரு வாசகம் உண்மையா என்பதை விட, அதைக் கேட்ட பிறகு இந்தப் பெண்ணின் மட்டை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம்.

ஆளுக்கு ஆள் இது மாறும். காஸ்டனேடா, கிரே இருவரும் 2007இல் பேஸ்பால் அடிப்பவர்களை வைத்துச் செய்த சோதனையில், தேர்ந்தவர்கள் மட்டையை விட்டுப் பந்து போகும் திசையில் கவனம் வைத்தபோது நன்றாக ஆடினார்கள். தேர்ச்சி குறைந்தவர்களுக்கு அடிக்கும் செயலிலேயே கவனம் வைப்பது உதவியது. கற்றுக்குட்டிக்குச் சொன்னதையே தேர்ந்தவளிடமும் கத்தினால் அவள் ஆட்டம் கெடும்.

பரிசோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். டீயில் பந்தை வைத்து இருபது அடி, வாசகம் இல்லாமல். எத்தனை நேராகச் சீறிப் பறந்தன என்று எண்ணுங்கள். பிறகு வாசகத்தைச் சொல்லி இருபது. அதன்பின் எதிரிலிருந்து மெதுவாகப் போட்டு இருபது. இரண்டு நாள் கழித்து, ஒன்றும் நினைவூட்டாமல் மறுபடி இருபது. அன்றும் எண்ணிக்கை ஏறியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. இல்லையென்றால் வாசகத்தை மாற்றுங்கள். கோளாறு சரியான பிறகும் மாற்றுங்கள், ஏனென்றால் ஒரு சாய்வை நிமிர்த்தச் சொன்னது நாளடைவில் எதிர்ப்பக்கம் சாய்த்துவிடும்.

இதையெல்லாம் செய்ய ஒரு நோட்டும் பேனாவும் போதும். செய்யாததன் விலையைக் கொடுப்பவள் பன்னிரண்டு வயதுப் பெண். சொன்னதை அப்படியே செய்கிறாள், பந்து உருள்கிறது, "கவனமே இல்லை" என்று திட்டு வாங்குகிறாள், அடுத்த ஆண்டு மைதானத்துக்கே வருவதில்லை. கீழ்ப்படிந்ததற்குத் தண்டனை. அவளிடம் என்ன தவறு என்று கேட்பதற்கு முன், நீங்கள் சொன்ன வாசகத்தை எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா, கோச்?