இரண்டாம் முறை போகும் கடை

தமிழ்நாட்டு இளைஞர்கள் பலருக்கு இன்று முதல் வெளிநாடு வியட்நாம்தான். 2023 ஆகஸ்டு முதல் 90 நாள் மின்விசா கிடைக்கிறது. ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங் வருகிறது. 2024-ல் மட்டும் சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் அங்கே போய் வந்திருக்கிறார்கள். கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் போகாமல், கூட ஒரு நண்பனையோ தோழியையோ சேர்த்துக்கொண்டு, தோளில் ஒரு பையை மாட்டிக் கிளம்புகிறவர்களும் அவர்களில் உண்டு. இவர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஹனோயில் ஒன்றரை நாள், ஹா லாங் வளைகுடாவில் ஒரு நாள், நின் பின்னில் ஒரு நாள், விமானம் ஏறி டா நாங், அங்கிருந்து ஹோய் ஆன், கடைசியாகச் சைகோன். எந்தக் காட்சி எத்தனை மணிக்கு என்பதுவரை எழுதியிருக்கும். அழுக்குத் துணியை எங்கே போடுவது, சிம் எங்கே வாங்குவது, அடுத்த ஊருக்குப் பேருந்துச் சீட்டு யார் எடுப்பது, மாத்திரை தீர்ந்தால் என்ன செய்வது, இருட்டிய பிறகு எங்கே போய் உட்காருவது என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. இவற்றையெல்லாம் பயணத்தின் நடுவே வந்து நேரத்தைத் தின்னும் தொல்லை என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஊர் மனிதர்கள் நம்மோடு சமமாக நின்று பேசும் இடம் இந்தச் சில்லறை வேலைகளில்தான் இருக்கிறது. அதைக் கைநழுவ விடக்கூடாது.

ஹனோயின் பழைய நகரத்தில் ஒரு சலவைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே நூல் நூலாகத் தூறல் விழுந்துகொண்டே இருக்கும். காற்றில் ஈரம் ஏறி, தரையும் சுவரும் வியர்க்கும். அறைக்குள் துவைத்துக் கொடி கட்டினால் இரண்டு நாளானாலும் சட்டை காயாது. உள்ளூர்க்காரர்களுக்கும் அதே கஷ்டம்தான். ஆகவே கடைக்குப் போயே தீரவேண்டும். பையைத் தராசில் வைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கால்குலேட்டரில் தட்டிக் காட்டி, துண்டுச் சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்து, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று விரலால் காட்டுகிறார்கள். சாயங்காலம் போனால் மடித்து, பாலித்தீன் உறையில் போட்டு வைத்திருப்பார்கள். நடந்தது இவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஒரே நாளில் ஒரே முகத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறோம். இலக்கியக் கோயிலுக்கோ ஹோ சி மின் சமாதிக்கோ யாரும் இரண்டு தடவை போவதில்லை. அங்கே வாசலில் விசிறியும் தொப்பியும் விற்கிறவருக்கு நாம் திரும்பி வரமாட்டோம் என்பது தெரியும். விலையும் பேச்சும் அதற்கேற்பத்தான் இருக்கும். அதில் அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. திரும்பி வருகிறவரிடம் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதமே வேறு.

ஹோய் ஆன் தையல்காரர்கள் இதற்கு இன்னும் நல்ல உதாரணம். யுனெஸ்கோ 1999-ல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அந்தச் சிற்றூரில் தையல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இன்றைக்கு அளவு கொடுத்தால், நாளைக்குப் போட்டுப் பார்க்கக் கூப்பிடுவார்கள். தோள்பட்டை சற்று இறுகுகிறது, கை நீளம் அதிகம் என்றால் ஊசியைக் குத்தி அடையாளம் வைத்துக்கொண்டு மறுநாள் வரச் சொல்வார்கள். மூன்று நாள் அந்தக் கடைக்குப் போய் வருவதற்குள் யாருடைய பிள்ளை பள்ளி விட்டு வந்து துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது, யார் வெட்டுகிறார், யார் காஜா எடுக்கிறார் என்பது தானாகவே கண்ணில் படும். விளக்குத் தோரணத்தின் கீழ் நின்று படமெடுத்துவிட்டு அன்றிரவே கிளம்புகிறவருக்கு இது கிடைக்க வழியில்லை. ஹனோயில் தொழில்வாரியாகப் பிரிந்த தெருக்களும் ஏதாவது ஒரு வேலையாக அலைகிறவருக்கே பிடிபடும். ஹாங் பாக்கில் வெள்ளி நகை, ஹாங் மாவில் முன்னோர்க்கு எரிக்கும் காகிதப் பொருள், லான் ஓங்கில் மூலிகை, ஹாங் தியெக்கில் தகரம். ஒரு பூட்டு தேடி நடந்தால் போதும். லான் ஓங்கில் காய்ந்த வேரின் வாசனை மூக்கில் ஏறும், ஹாங் தியெக்கில் தகரத்தைத் தட்டும் சத்தம் காதைத் துளைக்கும்.

இதெல்லாம் வெறும் வியாபாரம், இதில் என்ன உறவு வளர்கிறது, மொழியும் தெரியாது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு நம் காசு வேண்டும், நமக்கு அவர் கைவேலை வேண்டும். இரண்டு பக்கமும் தேவை நிஜமானது. வேடிக்கை பார்க்கிறவனுக்கும் வேடிக்கையாகிப்போனவருக்கும் நடுவே அந்தச் சமநிலை கிடையாது. ஹனோயின் ரயில் தெரு இதைக் காட்டுகிறது. தண்டவாளத்தை ஒட்டி வீடுகள். வாசலைத் தாண்டினால் ரயில். அந்தக் குடும்பங்கள் துணி காயப்போடுவதையும் சமைப்பதையும் படமெடுக்கக் கூட்டம் அள்ளியது. தண்டவாளத்தின் மேலேயே ஆட்கள் நிற்க ஆரம்பித்ததால் 2019 அக்டோபரில் மாநகர நிர்வாகம் அங்கிருந்த காபிக் கடைகளை மூடச் சொன்னது. 2022-ல் மறுபடியும் தடுப்புப் போட வேண்டிவந்தது. பிறர் துணி காய்வதை வேடிக்கை பார்ப்பதைவிட, நம் துணியை ஒருவரிடம் கொடுத்துக் காயவைத்து வாங்குவது எவ்வளவோ மரியாதையான காரியம். மொழியைப் பொறுத்தவரை, இந்த வேலைகளுக்குத் தேவையானது எண்ணும் சைகையும்தான். பணத்தில் மட்டும் கவனம் வேண்டும். 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் இரண்டும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். மங்கிய விளக்கில் சுமார் 65 ரூபாய் கொடுக்க வேண்டிய இடத்தில் 1,600 ரூபாய்க்கு மேல் போய்விடும். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: சின்னத் தாளில் ஹோய் ஆனின் கூரை வேய்ந்த ஜப்பானியப் பாலம் இருக்கும், பெரிய தாளில் ஹோ சி மின் சிறுவயதில் வாழ்ந்த வீடு.

லீவே பத்து நாள்தான், லட்சம் ரூபாய் செலவழித்துப் போவது துணி துவைக்கவா என்பது அடுத்த கேள்வி. துவைக்காமல் யாராலும் இருக்க முடியாது. நாம் போகாவிட்டால் விடுதி மேசையில் இருப்பவர் அதே பையை எடுத்துக்கொண்டு போய், ஒரு தொகையைச் சேர்த்து நம் கணக்கில் எழுதுவார். நேரில் போய்வர அரை மணி நேரம் ஆகும். காட்சிகளில் ஒன்றைக் குறைத்தாலே அது கிடைத்துவிடும். எல்லாவற்றையும் கையால் செய்வதே உயர்வு என்றும் நான் சொல்ல வரவில்லை. சவாரிக்குக் கிராப் செயலிதான் சரி. ஓட்டுநரோடு கட்டணத்துக்கு மல்லுக்கட்டுவதில் எந்த உறவும் வளராது, இரண்டு பேருக்கும் எரிச்சல்தான் மிச்சம். மறுபடி பார்க்கப்போகும் ஆளிடம் நேரே போவது, பார்க்கவே வாய்ப்பில்லாத இடத்தில் செயலியைப் பயன்படுத்துவது என்று வைத்துக்கொள்ளலாம்.

கூட நண்பன் இருக்கும்போது இது இன்னும் அவசியமாகிறது. தனியாகப் போகிறவன் பேச்சுத் துணைக்காவது ஊர்க்காரரிடம் வாய் திறப்பான். இருவராகப் போனால் அந்தத் தேவையே இல்லாமல் போகிறது. பேச ஆள் இருக்கிறது, சிரிக்க ஆள் இருக்கிறது, உணவகத்தில் எதிர் நாற்காலி நிரம்பியிருக்கிறது. நம் ஊர் அரட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஹனோய் நடைபாதையில் தொடர்கிறோம். ஆகவே பகலில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒருவர் துணியை எடுத்துக்கொண்டு போகட்டும், மற்றவர் பேருந்துச் சீட்டுக்கும் மருந்துக்கும் போகட்டும். சாயங்காலம் சந்திக்கும்போது ஆளுக்கொரு கதை இருக்கும். பயணங்களில் நட்பு முறிவது பெரும்பாலும் பணக்கணக்கிலும், எல்லாவற்றையும் ஒருவர் தலையிலேயே கட்டுவதிலும்தான். பிரித்த வேலை அதையும் தடுக்கிறது. பெண்கள் தனியே போவது பாதுகாப்பா என்ற கவலை நியாயமானது. அதனால்தான் பகல் என்றேன். இரவில் சேர்ந்தே போகட்டும். சைகோனில் மோட்டார் சைக்கிளில் வந்து கைபேசியைப் பறிப்பது ஆண், பெண் பார்த்து நடப்பதில்லை. சாலையோரம் நின்று கைபேசியில் வரைபடம் பார்க்காதீர்கள்.

மாலைப் பொழுதுக்கும் இதே நியாயம்தான். ஊருக்கு ஒரு இரவு என்று ஓடினால் மாலை முழுவதும் பை கட்டுவதிலேயே போய்விடும். ஒரே பேட்டையில் மூன்று நாள் தங்கினால் மூன்று மாலை ஒரே மூலைக்குப் போகலாம். ஹனோயின் புனித ஜோசப் தேவாலயத்தைச் சுற்றி, முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலிகளில் கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்து ஐஸ் போட்ட எலுமிச்சைத் தேநீர் குடித்தபடி சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருப்பார்கள். தோல் காலடியில் குவிந்து கிடக்கும். டா ஹியன் தெருவில் அன்றன்றைக்குக் காய்ச்சும் பியா ஹோய் பீர் பிரபலம். குடிக்காதவருக்கு முன்னதே போதும். சைவக்காரர்களுக்கு மாலை என்பதே ஒரு வேலை. காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு கலந்திருக்கும். ஆகவே ‘சாய்’ என்று எழுதிய புத்தமதச் சைவக் கடைகளைத் தேட வேண்டும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அங்கே வியட்நாமியரே குடும்பத்தோடு வந்து நிறைந்திருப்பார்கள். சைகோனில் இன்னொரு இடம் உண்டு. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில். 1975-க்குப் பிறகு தமிழர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். இன்று அங்கே ஊதுபத்தி ஏற்றிச் சுவரில் கைவைத்து அம்மனிடம் முறையிடுகிறவர்கள் வியட்நாம் மக்கள். அங்கே போனால் படமெடுத்து முடித்ததும் வெளியேறிவிடாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

அடுத்த முறை திட்டம் போடும்போது ஓர் ஊரை அடித்துவிட்டு ஹனோயில் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். அதில் ஒரு நாளை வெள்ளிக்கிழமையாகப் பார்த்து எதையும் எழுதாமல் விடுங்கள். காலையில் துணியைப் போட்டுவிட்டு, சாயங்காலம் நண்பரோடு போய் வாங்கிக்கொள்ளுங்கள். ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள சாலைகளை வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். ஊரே அங்கே நடந்துகொண்டிருக்கும்.