ரெண்டு நிமிஷ சூரியன்

ஞாயிறு விடியற்காலை நாலரை மணி. ரிடையரான அப்பாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஈ.ஸி.ஆரில் முட்டுக்காடு போனேன். அங்கே கிழக்கே கடல், மேற்கே காயல். உதயம், அஸ்தமனம் ரெண்டையும் தண்ணீரோடு படம் பிடிக்கலாம். (அஸ்தமனமும் கடலில்தான் வேண்டுமென்றால் கன்னியாகுமரி வரை முறுக்குங்கள்.)

தலைகாட்டிய சூரியன் முழு வட்டமாக வெளியே வர இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். நான் ஹெல்மெட்டைக் கழற்றி, லென்ஸில் படிந்த உப்பீரத்தைத் துடைத்து, ஸ்டாண்டை விரித்து நிமிர்வதற்குள் சார் மேலே போயிருந்தார்.

"பாத்தியாடா?"

"இல்லப்பா."

"நான் பாத்தேன்."

முப்பது வருஷமாக ஆபீஸ் ஜன்னலில் மட்டும் வெயில் பார்த்த மனுஷர்.

"சாயங்காலம் வருவோம். நான் துடைக்கறேன், நீ பாரு" என்றார், வேட்டி நுனியைக் காட்டி.

லென்ஸ் கீறிவிடும் என்று சொல்ல மனசு வரவில்லை.