புத்தகத்துக்கும் சுங்கமா? வாசல்ல வந்து நிக்கிற அந்த பில்லைப் பத்திப் பேசுவோம்



வெளிநாட்டுல இருந்து எப்பவாவது ஒரு புத்தகம் ஆர்டர் பண்ணியிருக்கீங்களா? பண்ணியிருந்தா இது உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். புத்தகத்துக்குப் பணம் கட்டியாச்சு, அனுப்புற செலவும் கட்டியாச்சு. மூணு வாரம் கழிச்சு போனுக்கு ஒரு மெசேஜ் வரும். பார்சல் கஸ்டம்ஸ்ல இருக்கு, அடையாள அட்டை அனுப்புங்க, பணம் கட்டுங்க. எதுக்கு, எவ்வளவுன்னு ஆர்டர் போட்ட அன்னிக்கு யாருமே சொல்லியிருக்க மாட்டாங்க.

இது ஏன் வருதுன்னு நம்ம ஆட்கள்லயே நிறைய பேருக்குத் தெரியல. அதனாலதான் இந்தப் பதிவு.

2019 ஜூலை 5-ஆம் தேதி ஒன்றிய பட்ஜெட் தாக்கல் ஆனது. அதுவரைக்கும் வெளிநாட்டில் அச்சான புத்தகத்துக்கு இறக்குமதி வரி கிடையாது. அந்த பட்ஜெட்டில் 5 சதவீதம் சுங்க வரி போட்டார்கள். உள்நாட்டுப் பதிப்புத் தொழிலையும் அச்சுத் தொழிலையும் ஊக்குவிக்கிறோம் என்பதுதான் சொன்ன காரணம். தாக்கல் செய்தவர் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். அவர் பிறந்தது நம்ம மதுரையில்தான். அதனால மதுரைக்காரங்க கேள்வி கேக்குறதுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை இருக்குன்னே வெச்சுக்கலாம்.

"வெறும் 5 சதவீதம் தானேப்பா, இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பதிவு?"ன்னு கேப்பீங்க. கணக்கைப் பாருங்க.

3,000 ரூபாய் புத்தகம், அனுப்புற செலவு 1,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். சுங்க மதிப்பு என்பது பொருளோட விலை மட்டும் இல்லை. சரக்குக் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்த்துத்தான் கணக்கு. ஆக 4,000 ரூபாய்க்கு 5 சதவீதம், 200 ரூபாய். கதை இதோட முடியல. உங்களுக்குப் பதிலா கஸ்டம்ஸ்ல வரியைக் கட்டினதுக்குன்னு கூரியர் கம்பெனி ஒரு கட்டணம் போடும். அது 500 ரூபாய்னு வைங்க. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, இன்னொரு 90 ரூபாய். அரசுக்குப் போற சுங்கம் 200. அந்த 200-ஐக் கட்டிக் கொடுத்ததுக்கு நீங்க கட்டுறது 590! சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க?

இதுல இருக்கிற முரண்பாட்டைக் கவனிங்க. தமுக்கத்துல புத்தகத் திருவிழா நடக்கும்போது வாங்குற அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. புத்தகத்துக்கு வரி போடக்கூடாதுன்னு அரசே ஏத்துக்கிட்ட கொள்கை அது. அப்போ அதே புத்தகம் எல்லையைத் தாண்டி வந்தா மட்டும் எப்படி வரி போடுற சரக்கு ஆகுது?

அதைவிட வேடிக்கை ஒண்ணு இருக்கு. அவனியாபுரத்துல மொட்டை மாடியில நின்னா ஏர்போர்ட்டுக்கு இறங்குற விமானம் தலைக்கு மேலேயே போகும். சிங்கப்பூர்ல இருந்து அதுல வர்ற உங்க மாமா, பயணிகளுக்கான சலுகை வரம்புக்குள்ள, பெட்டியில துணியோட துணியா அந்தப் புத்தகத்தைக் கொண்டு வந்தா ஒரு ரூபாய் வரி இல்லை. அதையே கூரியர்ல அனுப்பினா வரி, கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் உண்டு. வெளிநாட்டுல மாமா இருக்கிறவனுக்கு ஒரு விலை, இல்லாதவனுக்கு ஒரு விலையா?

"வெளிநாட்டுப் புத்தகம் வாங்குறவன் வசதியானவன், கட்டட்டுமே"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு பதில். நானும் இன்ஜினியரிங் படிச்சவன்தான். எங்க பாடப் புத்தகங்கள் பலதுக்கும் மலிவான இந்தியப் பதிப்பு இருக்கு. அதை விட்டுட்டு யாரும் மெனக்கெட்டு வெளிநாட்டுப் பதிப்பு வாங்க மாட்டாங்க. இந்தியப் பதிப்பே இல்லாத புத்தகத்துக்குத்தான் அங்க போறோம். ஆராய்ச்சி மாணவர் தேடுற நூல், புது நத்தம் ரோடு கலைஞர் நூலகத்துலயும் கிடைக்காத பழைய நூல், இந்த மாதிரி. டொராண்டோவுலயோ பாரிஸ்லயோ ஈழத்து உறவுகள் அச்சடிச்ச தமிழ்ப் புத்தகமும் அதுல அடக்கம். ஆமாங்க, அந்த நாடுகள்ல அச்சான தமிழ்ப் புத்தகமும் இந்த வரிக்கு வெளிநாட்டுச் சரக்குதான்.

இந்தியாவில் அச்சாகவே இல்லாத ஒரு புத்தகத்துக்கு வரி போட்டால் எந்த உள்நாட்டுப் பதிப்பாளர் பிழைப்பார்? அவரோட உண்மையான பிரச்சினை வேற. அச்சுத் தாளுக்கு இருந்த 12 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 18 ஆனது. புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லாததால், தாளுக்குக் கட்டிய வரியை அவர் திரும்பப் பெறவும் வழியில்லை. பதிப்புத் தொழிலைக் காப்பாத்தணும்னா கை வைக்க வேண்டிய இடம் அது.

1950-லேயே யுனெஸ்கோ ஃபுளோரன்ஸ் நகரத்துல ஒரு ஒப்பந்தம் கொண்டு வந்தது. அறிவு நாடு விட்டு நாடு போகணும், அதனால புத்தகத்துக்குச் சுங்கம் போடக்கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. பக்கத்துல இருக்கிற இலங்கை 1952-லேயே அதுல சேர்ந்துடுச்சு. எழுபது வருஷத்துக்கு முன்னாடி உலகம் யோசிச்ச திசைக்கு நேர் எதிர்த் திசையில 2019-ல நடந்திருக்கோம்.

சரி, இப்போ நீங்க என்ன செய்யணும்?

1. "பரிசுன்னு எழுதி அனுப்புங்க, வரி வராது"ன்னு உறவினர்கிட்ட சொல்லாதீங்க. அந்தச் சலுகை 2019 டிசம்பரோட போச்சு. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் இப்போ அந்த வழி. புத்தகம்னா புத்தகம்னே உண்மையான விலையோட எழுதச் சொல்லுங்க.

2. பணம் கட்டுறதுக்கு முன்னாடி பிரிச்சுக் காட்டின பில் கேளுங்க. சுங்கம் எவ்வளவு, கூரியர் கட்டணம் எவ்வளவு, அதுக்கு ஜிஎஸ்டி எவ்வளவு? அச்சுப் புத்தகத்துக்கான சுங்கத் தலைப்பு எண் 4901. பில்லில் வேற தலைப்பு போட்டிருந்தா ஏன்னு எழுத்துல கேளுங்க. பதில் இல்லைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

3. இது ரொம்ப முக்கியம். வீட்டுப் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க. "கஸ்டம்ஸ் ஆபீஸர் பேசுறேன், உங்க பார்சல் மாட்டிக்கிச்சு, இந்த நம்பருக்குப் பணம் போடுங்க"ன்னு போன் வந்தா அது மோசடி. சுங்கத் துறை அனுப்புற கடிதம், சம்மனுக்கெல்லாம் டின் என்ற அடையாள எண் இருக்கும், அவங்க இணையதளத்துலயே சரிபார்க்கலாம். பணம் போயிருந்தா தாமதிக்காம 1930-க்கு அடிங்க. உண்மையான கட்டணமே முன்னறிவிப்பு இல்லாம வர்றதாலதான் பொய்க் கட்டணத்தையும் ஜனங்க நம்பிடறாங்க. இந்தக் குழப்பத்துல லாபம் பாக்குறவன் திருடன்தான்.

நம்ம கோரிக்கை மூணே மூணு. அச்சுப் புத்தகத்துக்கான 5 சதவீதச் சுங்கத்தை ரத்து செய்யுங்க. அதுவரைக்கும், தனிநபர் படிக்க வாங்குற சின்னப் பார்சலுக்காவது விலக்கு கொடுங்க. வரியும் கூரியர் கட்டணமும் எவ்வளவு ஆகும்னு பொருளை அனுப்புறதுக்கு முன்னாடியே சொல்லணும்னு விதி கொண்டு வாங்க.

உங்ககிட்ட இப்படி வந்த பில் இருந்தா பேர், முகவரி, ஆதார் எண், போன் நம்பர் எல்லாத்தையும் மறைச்சுட்டு கமெண்ட்ல போடுங்க. எல்லாத்தையும் தொகுத்து மனுவா எழுதி நாடாளுமன்ற உறுப்பினர் கையில கொடுக்கிற வேலையை நாங்க பாத்துக்கிறோம். ஒரு பில் இருந்தா புலம்பல்னு தள்ளிவிடுவாங்க. நூறு பில் சேர்ந்தா பதில் சொல்லித்தான் ஆகணும்.

படிச்சதோட விட்டுடாதீங்க. காலேஜ் குரூப்ல, டிஎன்பிஎஸ்சி குரூப்ல, உங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல பகிருங்க தோழர்களே.

#புத்தகத்துக்கு_வரி_வேண்டாம்
#மதுரை_கேட்கிறது

— தகவல் தொழில்நுட்பப் பிரிவு, அவனியாபுரம் பகுதி