பெயர் எழுதிய கல்

உயிலங்குளத்தில் இருந்து அடம்பன் பக்கம் போனால் வயல்களுக்கு நடுவே ஆட்காட்டிவெளி வரும். மாலதியின் ஊர் அது. வீட்டில் வைத்த பெயர் சகாயசீலி. 1987 ஒக்டோபர் 10 அன்று கோப்பாயில் இந்திய இராணுவத்துடன் நடந்த சண்டையில் இறந்தார். புலிகள் தரப்பில் களத்தில் விழுந்த முதல் பெண் அவர். பிறகு ஒரு படையணிக்கே அவர் பெயரை வைத்தார்கள். மாலதி இறப்பதற்கு ஒரு வருடம் முந்தி, 1986 ஒக்டோபர் 12இல், புலிகளின் மன்னார்த் தளபதி விக்டர் அடம்பனில் இறந்தார். இந்த இரண்டு பெயரும் அழியப்போவதில்லை. மற்றப் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

அப்படி ஒரு பிள்ளை, தகப்பனோடு வயலில் இறங்கியவன். ஞாயிறு பூசைக்குப் போனவன். ஓ.எல். சோதனை எழுதினானோ இல்லையோ, ஒருநாள் வீட்டை விட்டுப் போனான். தானாகப் போனவர்கள் உண்டு. போரின் கடைசி வருடங்களில் வீட்டுக்கு ஒருவர் என்று தாயின் கையில் இருந்து இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்களும் உண்டு. பதினெட்டு நிரம்பாதவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். இதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு மனமில்லை.

போனவனுக்கு இயக்கம் வேறு பெயர் வைத்தது. கழுத்தில் சயனைட் குப்பி, இலக்கம் போட்ட தகடு. சொந்தப் பெயர் அவனுக்குத் திரும்பக் கிடைத்தது கல்லில்தான். 1991 தொடக்கம் இறந்தவர்களை எரிக்காமல் புதைத்தார்கள். உடல் வந்தால் கல்லறை, வராவிட்டால் நடுகல். இயக்கப் பெயருக்குப் பக்கத்தில் வீட்டுப் பெயர், ஊர், இறந்த தேதி. ஒரு சாதாரண கமக்காரக் குடும்பத்துப் பிள்ளையின் பெயர் கல்லில் ஏறியது அப்படித்தான்.

2007இல் மன்னார்ப் பக்கம் மீண்டும் போர்முனை ஆனது. 2008 மே மாதம் அடம்பன் இலங்கை இராணுவத்திடம் போனது. இந்தக் கல்லறைகள் இருந்த ஆட்காட்டிவெளி மாவீரர் துயிலும் இல்லம் இடித்து நிரவப்பட்டது. வடக்கு கிழக்கில் மற்ற இல்லங்களுக்கும் அதே கதிதான். வருடக்கணக்காகத் தாய்மார் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கு வைத்தார்கள். 2016இல்தான் பற்றையை வெட்டித் துப்புரவாக்கி, மாவீரர் நாளான கார்த்திகை (நவம்பர்) 27க்கு வெளிப்படையாகக் கூடத் தொடங்கினார்கள். 2020இல் நீதிமன்றத் தடைகள் வந்தன. பிறகு மறுபடியும் கூடினார்கள்.

அந்த மாலையில் 6.05க்கு மணி, 6.06க்கு அகவணக்கம், 6.07க்குச் சுடர். உடைந்த கல்லறைத் துண்டுகளை ஒரு பக்கம் குவித்திருப்பார்கள். தீப்பந்தங்கள் வரிசையாக நடப்பட்டிருக்கும். எந்தப் பந்தத்தின் அடியில் எந்தப் பிள்ளை என்று அங்கே எந்த அடையாளமும் இல்லை. ஒரு தாய் மதிலில் இருந்து காலடி எண்ணி நடப்பா. இன்னொரு தாய், இங்கினைதான் எங்கேயோ என்று சொல்லி, படத்தை நெஞ்சோடு பிடித்தபடி கிட்ட இருக்கிற பந்தத்தடியில் நின்றுவிடுவா. ஈர மண்ணில் எண்ணெய் சிந்தும். அழுகை ஒரு வரிசையில் தொடங்கி மற்ற வரிசைக்குப் போகும்.

இதே மண்ணில் இறந்த சிங்களச் சிப்பாய்களும் ஏழைக் கமக்காரர் பிள்ளைகள்தான். அவர்களின் பெயர்கள் பத்தரமுல்லை நினைவுத் தூபியில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு மே மாதமும் அரசே பூ வைக்கிறது. வைக்கட்டும், அந்தத் தாய்க்கும் அது வேண்டும். ஆனால் கல்லறையை இடிப்பதற்கு எந்த வெற்றியும் நியாயமாகாது. பிள்ளை எந்தக் கொடிக்குக் கீழே நின்றிருந்தாலும் அவனைப் புதைத்த இடம் பெற்றவளுக்குச் சேர வேண்டியது.

இடித்த கல்லறைகளை அரசு திருப்பித் தரும்வரை காத்திருக்க எங்களுக்கு நேரம் இல்லை. இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் முதுமையில் தளர்ந்துபோனார்கள். குழி வெட்டியவர்கள், கல் கட்டிய மேசன்மார், விளக்கு வைத்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். பங்குத் தந்தையர், ஆசிரியர்கள், மாதர் சங்கத்தினர் ஒரு கொப்பியோடு அவர்களிடம் போகட்டும். எந்த வரிசை, எத்தனையாவது, யாருடைய பிள்ளை என்று கேட்டு எழுதி, நிலத்தின் படத்தைக் கீறி வைக்கட்டும். அடுத்த கார்த்திகைக்கு முன் தொடங்கலாம். மாலதிக்கும் விக்டருக்கும் இந்தக் கொப்பி தேவையில்லை.