தூங்கும்போதும் நடக்கும் போர்: டிராவியனில் புதியவர்கள் தாக்குப்பிடிப்பது எப்படி?

இரவு 11 மணிக்குப் படுக்கப் போகும்போது கிடங்கு நிறைய மரம், களிமண், இரும்பு. காலை 6 மணிக்கு மொபைலை எடுத்துப் பார்த்தால் கிடங்கு துடைத்துவைத்தாற்போலக் கிடக்கிறது. நள்ளிரவிலிருந்து நான்கு முறை ரெய்டு வந்துபோனதற்கான ரிப்போர்ட் மட்டும் வரிசையாகக் காத்திருக்கிறது. டிராவியன் ஆடத் தொடங்கிய பலர், 'இது நமக்கு ஆகாது' என்று விலகுவது இப்படி ஒரு காலைப் பொழுதில்தான்.

2004-ல் ஜெர்மனியில் பிறந்த பிரவுசர் கேம் இது. டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு கிராமம், அதைச் சுற்றி 18 விளைநிலங்கள், கொஞ்சம் மூலப்பொருள் என்று ஆட்டம் ஆரம்பிக்கும். அங்கிருந்து சாம்ராஜ்யம் கட்ட வேண்டும். மற்ற மொபைல் கேம்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஆடுபவர் லாக்-அவுட் செய்தாலும் ஆட்டம் நிற்காது. வயல் விளையும், கட்டடம் எழும், எதிரியின் படையும் நடந்து வந்துகொண்டே இருக்கும். ஆகவே, 'நான் இல்லாத நேரத்தில் என் கிராமம் என்ன ஆகும்?' என்பதுதான் இதில் முதல் கேள்வி.

இன்னொரு சிக்கல் இந்தியாவில் இருப்பவர்களுக்கே உரியது. ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் நிறைந்த சர்வரில், அவர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்காரும் நேரம் நமக்குப் படுக்கை நேரம். ஜெர்மனியில் மாலை 7 மணி என்றால் இங்கே கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. அவர்களுக்கு ஆட்டம் சூடுபிடிக்கும்போது இங்கே குறட்டை கேட்கும்.

கொள்ளையடிக்க வருபவருக்கு நம்மீது கோபம் எதுவும் கிடையாது. அவர் கணக்கு பார்க்கும் வியாபாரி. டியூட்டன் இனத்தின் தடிவீரன் ஒருவன் 60 மூட்டை சுமப்பான் என்று வைத்துக்கொள்ளலாம். 20 பேரை அனுப்பினால் 1,200. இரண்டு முறை நிறைய கிடைத்தால் அந்தக் கிராமத்தை 'ஃபார்ம்' என்று குறித்துக்கொண்டு தினமும் வருவார். வெறுங்கையோடு திரும்பினாலோ, நாலு வீரர்களைப் பறிகொடுத்தாலோ பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு அடுத்த கிராமத்தைப் பார்ப்பார். எனவே, புதியவர் அவரை ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவருக்குக் கட்டுப்படியாகாமல் செய்தால் போதும்.

அதற்கு எளிய வழி, படுக்கப் போகும் முன் செலவழித்துவிடுவது. நீண்ட நேரம் பிடிக்கும் கட்டட வேலையை இரவுக்கென்றே ஒதுக்கிவைத்து, தூங்கும் முன் தொடங்கலாம். மிச்சத்தைப் போட்டு வீரர்களைப் பயிற்சிக்கு அனுப்பலாம். கிரானி என்ற ரகசியக் கிடங்கில் இருப்பதைக் கொள்ளையர்கள் தொடுவது கஷ்டம். பார்க்க அழகில்லாத, பெருமையில்லாத கட்டடம் என்று அதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். முதல் சில நாட்களுக்கு யாரும் தாக்க முடியாதபடி பாதுகாப்பு இருக்கும். அது முடிவதற்குள் கிரானி எழுந்துவிட வேண்டும்.

படை திரட்டும்போது பலர் சறுக்குவது தானியத்தில். ஒவ்வொரு வீரனும் மணிக்கு மணி சாப்பிடுகிறான். காலாள் ஒருவனுக்கு 1 என்றால், ரோமானியரின் கனரகக் குதிரை வீரனுக்கு 4, கல் எறியும் கேட்டபுல்ட்டுக்கு 6. கட்டடங்களில் குடியிருக்கும் மக்களும் இதே களஞ்சியத்திலிருந்துதான் உண்கிறார்கள். விளைச்சலைவிடச் செலவு அதிகமாகி, களஞ்சியமும் காலியானால், படை பட்டினியில் சாகத் தொடங்கும். எதிரி கால் வைக்காமலேயே ஒரு மாத உழைப்பு கரைந்துபோகும். அதனால் திரையில் பார்க்க வேண்டிய முக்கியமான எண், படையின் அளவைவிட மணிக்கு எவ்வளவு தானியம் மிஞ்சுகிறது என்பதே. அது மைனஸில் போகும்போது, 'களஞ்சியம் எத்தனை மணி நேரம் தாங்கும்? நாம் எப்போது எழுந்திருப்போம்?' என்ற இரண்டையும் ஒப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும்.

எந்த இனத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதும் ஆடுபவரின் அன்றாடத்தைப் பொறுத்தது. ஒரு நாளைக்கு மூன்று தடவைதான் எட்டிப் பார்க்க முடியும் என்பவருக்கு கௌல் சரி. தற்காப்பு மலிவு, பொறிகளும் உண்டு, வணிகர்களும் வேகம். மணிக்கொருமுறை மொபைலைத் தொடுபவருக்கு டியூட்டன். ரோமானியருக்கு ஆரம்பத்தில் படைச்செலவு கடிக்கும். ஆனால், ஒரே நேரத்தில் ஒரு வயலையும் ஒரு கட்டடத்தையும் உயர்த்தலாம் என்பது பெரிய சலுகை. பின்னாளில் சேர்ந்த எகிப்தியர், ஹூணர் எல்லாம் ஒரு சுற்று ஆடி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கிராமத்துக்கு அவசரப்படலாம், தப்பில்லை. ரெசிடென்ஸ் கட்டடத்தை 10-ம் நிலைக்கு உயர்த்தி, மூன்று குடியேறிகளைத் தயார் செய்ய வேண்டும். புறப்படும்போது நான்கு பொருளிலும் 750 வீதம் எடுத்துச்செல்வார்கள். கலாசாரப் புள்ளிகளும் சேர்ந்திருக்க வேண்டும். தானிய வயல் அதிகமுள்ள இடம் தூரத்தில் இருக்கிறதே என்று ஆசைப்பட்டுப் போகிறவர்கள், முதல் கிராமத்திலிருந்து உதவி வந்துசேர ஆகும் நேரத்தைக் கணக்கிட மறந்துவிடுகிறார்கள். முதல் ஆட்டத்தில் பக்கத்து வீடே நல்லது.

சரி, பெரிய தாக்குதல் வருகிறது என்று தெரிந்துவிட்டது. வந்து சேரும் நேரத்தை ஆட்டம் நொடி சுத்தமாகக் காட்டும். எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லாது.  வீரம் காட்டாமல் படையை வெளியே அனுப்பிவிடுவது அனுபவஸ்தர்கள் வழக்கம். அனுப்பிய படையை 90 விநாடிகளுக்குள் ரத்து செய்து திருப்பி அழைக்கலாம் என்ற விதி இதற்கு வசதி. தாக்குதல் 10.30-க்கு என்றால், 10.29.20-க்கு மொத்தப் படையையும் கிளப்பி, எதிரி காலி கிராமத்தில் மோதி முடித்ததும் 10.30.05-க்கு ரத்து செய்தால், அடுத்த 45 விநாடிகளில் எல்லோரும் வீடு திரும்பிவிடுவார்கள். அடுத்தடுத்து அலைகள் வருகிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே தாக்குதல் அதிகாலை 3 மணிக்கு என்றால்? அலாரம் வைத்து எழுபவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் பள்ளிக்கூடமும் ஆபீஸும் உள்ளவர்களுக்கு அது வேண்டாத வேலை. 'சிட்டர்' என்ற ஏற்பாடு இதற்காகவே இருக்கிறது. நம்பிக்கையான இரண்டு பேரைக் கணக்கைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி நியமிக்கலாம். அவர்கள் என்ன செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்பதையும் நாமே வரையறுக்கலாம். ஐரோப்பாவில் இருக்கும் ஒரு கூட்டணித் தோழர் சிட்டராகக் கிடைத்தால், நேர வித்தியாசமே நமக்குச் சாதகமாகிவிடும். தனியாக ஆடாமல் ஒரு அலையன்ஸில் சேர்வதன் முதல் லாபம் இதுதான். ஒரே சர்வரில் இரண்டாவது கணக்கு தொடங்கித் தனக்குத் தானே உதவிக்கொள்வது மட்டும் விதிமீறல். மாட்டினால் தண்டனை உண்டு.

இனி 'கோல்டு'. காசு கொடுத்து வாங்கினால் விளைச்சலை 25 சதவிகிதம் கூட்டலாம், ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றலாம், கட்டட வேலையை உடனே முடிக்கலாம். வேகம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால், வழக்கமான சர்வரில் யாராவது உலக அதிசயத்தை 100-ம் நிலைக்குக் கட்டி முடித்ததும் அந்தச் சுற்று முடிந்துவிடும். அடுத்த சுற்றில் எல்லோருக்கும் மறுபடியும் ஒரே ஒரு கிராமம்தான். கட்டிய எதுவும் கூட வராது. அதனால், கார்டு வீட்டில் யாருடையதோ அவரிடம் மாதத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது வீட்டுக்குள் இன்னொரு போர் மூளாமல் தடுக்கும்.

ஆட்டத்தில் நுழையும் முன் சர்வர் எப்போது தொடங்கியது, என்ன வேகம் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். 40 நாட்கள் ஓடிவிட்ட சர்வரில் இன்று சேர்பவரைச் சுற்றி ஏற்கெனவே வளர்ந்தவர்கள் காத்திருப்பார்கள். மூன்று மடங்கு வேக சர்வரில் எல்லாம் சீக்கிரம் நடக்கும், கொள்ளையும்தான். படிப்பு, வேலை என்று இருப்பவர்களுக்குச் சாதாரண வேக சர்வர், அதுவும் திறக்கும் நாளிலேயே.